மருந்து படாத கீரை

தெருவில் எல்லோரும் அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குடிநீர் அலுவலகத்தின் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் கண்ணாடிக் குழாயும் கையுமாக நின்றவள். ஓய்வு பெற்ற மறுமாதமே, மூடிக் கிடந்த ஒரு பழைய அச்சகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, மீனையும் கீரையையும் சேர்த்து வளர்க்க ஆரம்பித்தாள். மண்ணே கிடையாது. கீழே தொட்டியில் மீன். மேலே அடுக்கடுக்காகப் படுக்கவைத்த குழாய்களில் கீரை. மீன் கழித்த தண்ணீர் மேலே ஏறும். வேர்கள் அதிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே இறங்கும். வயலில் ஒரு கட்டுக் கீரைக்கு ஆகும் தண்ணீரில் இங்கே எட்டுக் கட்டு வந்தது.

"தண்ணியச் சோதிச்சுச் சோதிச்சே காலம் போச்சு. இப்பத்தான் அதுக்கு ஒரு வேலை குடுத்திருக்கேன்" என்பாள்.

குழாய் முழுக்கப் பூட்டிக் கொடுத்தவன் அவள் தம்பி. குழாய் வேலைதான் அவன் தொழில். ஒன்பது வயது இளையவன். அவள் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவன். அவளுக்கென்று குடும்பம் அமையவில்லை. "எனக்கப்புறம் இது உனக்குத்தான்டா" என்று சொல்லியே அவனைக் கூட்டுச் சேர்த்திருந்தாள்.

அவள் வைத்திருந்த கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். பூச்சிமருந்து என்ற பேச்சே கூடாது. இலையில் அடித்தாலும் அது வழிந்து, குழாய் வழியே மீனிடம்தான் போய்ச் சேரும். இலைக்கு அடியில் சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி பிடித்தால் பொறிவண்டுகளை வாங்கிவந்து விடுவாள். அவை அசுவினியைத் தின்னும். ஆனால் நிதானமாகத் தின்னும்.

"விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உக்காந்து திங்குதே!" என்று தம்பி அலுத்துக்கொள்வான்.

கீரையை வாங்கியது குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் சமையலறை. வாரம் மூன்று நாள் போகும். ஒவ்வொரு கட்டிலும் 'மருந்து படாதது' என்று ஒரு சீட்டைத் தன் கைப்பட எழுதிச் செருகுவாள்.

ஒரு திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் தம்பி போன் பண்ணினான். போட்டது போட்டபடி ஓடினாள். தொட்டியில் இருந்த அத்தனை மீனும் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தன.

"மீனுக்குக் காத்து விடற மோட்டார் அணைஞ்சு கெடந்துச்சுக்கா. நான் வந்துதான் போட்டேன். நேத்து சாயங்காலம் நீதானே அதைக் கழட்டிக் கழுவின?"

கழுவியது நிஜம். திரும்பப் போட்டாளா? போட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, விரல் அந்தப் பொத்தானைத் தொட்டது நேற்றா, முந்தாநாளா என்று குழம்பியது.

"போட்டேன்டா. போட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

"சரி விடுக்கா. வயசாகுதுல்ல. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது."

அவர்கள் அம்மா கடைசி நான்கு வருடம், பெற்ற பிள்ளைகளின் முகம்கூடத் தெரியாமல் இருந்து போனவள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் தண்ணியக்கா. அந்த நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. அதைத் தம்பியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அன்று காலை முழுக்க அவள் வலையால் மீன்களை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தம்பி கீரையை அறுத்து, அவள் சனிக்கிழமையே எழுதிவைத்த சீட்டுகளைச் செருகி, வண்டியில் ஏற்றினான். இவ்வளவு நடந்தும் வேலையை விடாமல் பார்க்கிறானே என்று அவளுக்கு மனம் நெகிழ்ந்தது.

வியாழக்கிழமை அவனே ஸ்கூட்டரில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஐந்தையும் சொன்னாள்.

"நல்லாத்தானே இருக்கீங்க" என்றார் டாக்டர்.

"எங்கம்மாவுக்கும் ஆரம்பத்துல ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றான் தம்பி.

அதோடு அவள் ஒடுங்கிப்போனாள். கொட்டகைச் சாவியை அவனிடமே கொடுத்தாள். வீட்டில் அடுப்புக்கு மேல் 'அணைத்தாயா?' என்று எழுதி ஒட்டினாள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஏதாவது கேட்டால், பதில் தப்பாகிவிடுமோ என்று சிரித்தே சமாளித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, தண்ணீர் சோதிக்கும் பெட்டியை எடுத்துவரக் கொட்டகைக்குப் போனாள். தம்பி கதவைச் சும்மா சாத்திவிட்டு, எங்கோ ஒரு வீட்டுக் குழாயைச் சரிபார்க்கப் போயிருந்தான். மேல் அடுக்கில் ஒரு வரிசைக் கீரை அறுக்காமல் முற்றிக் கிடந்தது. பழக்க தோஷம், ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். அசுவினி அத்தனையும் காய்ந்து, கறுத்து, ஒட்டிக்கொண்டிருந்தன. பரவாயில்லையே, வண்டுகள் ஜெயித்துவிட்டன என்று நினைத்தாள். அப்புறம்தான் குழாய் ஓரமாகப் பொறிவண்டுகளைப் பார்த்தாள். கால்களை மடக்கி, மல்லாந்து, வரிசையாக.

மோட்டார் நின்றால் மீன் சாகும். வண்டு எதற்குச் சாக வேண்டும்?

அங்கேயே கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். தம்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை. அவன் உள்ளே வந்ததும் உள்ளங்கையை விரித்து, செத்த வண்டுகளைக் காட்டினாள்.

"இதுங்களுக்கும் மோட்டார் நின்னு போச்சாடா?"

முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது? அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஒரே ஒரு தடவைக்கா. ஞாயித்துக்கிழமை நீ வீட்டுக்குப் போன பிறகு அடிச்சேன். பூச்சி இருந்தா ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம். இலையோட நின்னுரும்னு நெனச்சேன்."

"மோட்டார்?"

"ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

"திங்கக்கிழமை அனுப்பின கீரை?"

"அடிச்சதுதான்க்கா."

"அதுல என் கையெழுத்து இருந்துச்சேடா. காய்ச்சலோட படுத்திருக்கிற புள்ளைங்க சாப்பிட்டிருக்கும்."

"கழுவி வேகவைச்சுத்தானே தருவாங்க. ஒண்ணும் ஆகலக்கா."

"மீனைக் கொன்னதை வேணும்னா பயத்துல பண்ணிட்டேன்னு சொல்லு. டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனியே, அது எந்தப் பயத்துல? நான் அங்க ஒவ்வொரு நம்பரையும் பயந்து பயந்து கடிகாரத்துல போட்டேன். நீ பார்த்துட்டே உக்காந்திருந்த."

அவள் அழவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போனாள்.

சமையலறை மேற்பார்வையாளர், மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கறாரான அம்மாள், முழுதும் கேட்டார். தேதியைக் குறித்துக்கொண்டார். மேலே வார்டுக்குப் போன் போட்டு விசாரித்தார். அந்த வாரம் எந்தக் குழந்தைக்கும் வாந்தி, வயிற்றுவலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணியக்காவை உட்காரச் சொன்னார்.

"நீங்களா வந்து சொன்னதுக்கு நான் நன்றி சொல்லணும். ஆனா வாய் வரல. இனிமே உங்க கீரை வேண்டாம்."

"வேண்டாம்னுதான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் தண்ணியக்கா.

மருத்துவமனை ஆட்கள் சொல்லி, சாயங்காலத்துக்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி வாசலில் நின்று கத்தினான். "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியே! இனிமே எவன் என்னை வீட்டுக்குள்ள விடுவான்?" அவள் கதவைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு மாதம் அவளுக்குக் கொட்டகையே கதி. குழாய்கள் எல்லாவற்றையும் பிரித்து எறிந்தாள். சரளைக் கல்லை முழுக்க அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுக் கல் போட்டாள். குழாய் பூட்ட வெளியாளைக் கூப்பிட்டாள். பழைய சோதனைக்கூடத்துக்குத் தண்ணீரை நான்கு முறை அனுப்பி, நான்கும் சுத்தம் என்று வந்த பிறகே அறுபது மீன்குஞ்சுகளை வாங்கினாள். கீரை வாங்க ஆள் இல்லை. எதிர் வரிசையில் இரண்டு வீடு மட்டும் கேட்டிருந்தன.

குஞ்சுகளை விட்ட அன்று தம்பி மனைவி வந்தாள். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அவர் சரியாச் சாப்பிடறதே இல்ல அண்ணி. நீங்க ஒரு வார்த்தை பேசினா போதும்" என்றாள்.

"பேசறேன்மா. எப்படியும் பேசித்தானே ஆகணும்" என்றாள் தண்ணியக்கா. "ஆனா இப்பப் பேசினா, பரவாயில்லடான்னு பொய்தான் வரும். எங்களுக்குள்ள ஏற்கெனவே ஒரு பொய் கெடக்கு. கொஞ்ச நாள் போகட்டும்."

தம்பி மனைவி தலையாட்டினாள். போகும்போது, வெளியே கிடந்த காலிச் சாக்குகளை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.