புறாக்கள் பறக்காத இடம்

புறாவைப் படமெடுக்க விழைவோர் அனைவரும் அது பறக்கும் தருணத்திற்காகவே காத்திருப்பர். குழந்தை ஓடும், புறாக்கள் எழும்பும், அந்த இமைப்பொழுதில் பொத்தானை அழுத்துதல் வேண்டும். துணி வெட்டித் தைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நான், ஐம்பது வயதைக் கடந்தபின் கேமராவைக் கையிலெடுத்து, ரயில் நிலையத்திற்கு எதிரேயுள்ள சதுக்கத்தில் பயின்றறிந்த முதற்பாடம் இதுவேயாகும். தான் படமெடுக்கப்படுவதைக் குழந்தை அறியலாகாது என்பது இரண்டாம் பாடம். ஆகவே நான் கேமராவைக் கண்ணருகே உயர்த்துவதில்லை. நீரூற்றின் கல்விளிம்பில் அதனை வைத்து, வேறெங்கோ நோக்கியவாறு, விரலால் மட்டுமே இயக்குவேன். எடுத்தபின் பெற்றோரிடம் காட்டுவேன். அவர்கள் வேண்டாமென்றால் அவர்தம் கண்முன்னரே அழித்துவிடுவேன்.

"ஏங்க, ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல. இதுல பறக்கற புறாவைப் புடிக்கப் போறீங்களாக்கும்" என்பாள் என் மனைவி.

அச்சதுக்கத்திற்கு ஒரு சிறுமி நாள்தோறும் வருவாள். மூலையிலிருந்த ரொட்டிக்கடையில் மாவு பிசையும் பெண்ணின் மகள். ஏழு வயது இருக்கலாம். அவள் பேசுவதில்லை. எவரேனும் உற்று நோக்கினால் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்வாள். ஆனால், அவள் புறாக்கூட்டத்தினுள் நடந்து செல்கையில் ஒரு புறாவும் பறப்பதில்லை. குளத்து நீர் காலுக்கு விலகிப் பின் கூடுவது போல, அவை விலகிக் கூடும். நடுவில் சென்று அவள் அசையாது நிற்பாள்.

"சிலைன்னு நெனச்சுத் தலையில எச்சம் போட்டுடப் போகுது!" என்று சோளப்பொரி விற்பவர் சிரிப்பார். முதன்முறை அக்காட்சியைக் கண்ட அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பலமுறை எடுத்துப் பார்த்தேன். எனினும் படத்தில் அந்த வியப்பு விழவேயில்லை. "இதுல என்னங்க இருக்கு? பாப்பா நிக்குது. புறாவும் நிக்குது" என்றாள் மனைவி. அவள் கூற்று மெய்யே. பறத்தலைப் படமாக்கலாம், பறவாமையை எங்ஙனம் படமாக்குவது?

ஒருநாள் அச்சிறுமியின் தாய், கையிலிருந்த மாவைத் துடைத்தவாறே என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நீங்க எடுத்த படத்தையெல்லாம் எனக்குக் காட்டியிருக்கீங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. இப்ப நானே கேக்கறேன், நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க. நாளைக்கு இவளைக் கூட்டிட்டுப் போக இவ அப்பா இங்க வராரு. தூரத்துல இருக்கற விடுதிப் பள்ளிக்கூடத்துல இவளை விடப்போறாராம்."

"ஏம்மா, என்ன அவசரம்?"

"நாம யாருன்னே இவளுக்குத் தெரியலையாம். எங்க இருந்தாலும் இவளுக்கு ஒண்ணுதானாம். ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிட்டுப் பகல்ல தூங்கற மனுஷன், இங்க வந்து ஒருநாள் பாத்ததில்ல. புறா பறக்காதுன்னு சொன்னா, அடுப்புச் சூட்டுல உனக்கு மூளை கலங்கிடுச்சுங்கறாரு. படத்தைப் பாத்தாலாவது நம்புவாரு."

மறுநாள் வானம் மேகமூட்டமாக இருந்தது. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் சதுக்கத்தை நிறைத்து விரைந்தது. சிறுமி புறாக்களின் நடுவே நின்றாள். அப்போது சிவப்புச் சட்டையணிந்த வேறொரு குழந்தை கூச்சலிட்டுக்கொண்டு புறாக்கூட்டத்தின் ஓரத்தில் பாய்ந்தது. ஓரத்துப் புறாக்கள் ஜிவ்வென்று எழுந்தன. சிறுமியைச் சூழ்ந்தவையோ அசையவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன்.

'டிக்' என்று ஒலிக்க வேண்டிய கேமரா, 'டி...க்' என்று இழுத்தது. முந்தைய மாலை என் தையற்கடையில், ஓடுகின்ற தையல் ஊசியை மங்கலான கோடாக எடுத்துப் பார்க்கும் ஆசையால், கேமராவின் கண் திறந்து மூடும் வேகத்தைக் குறைத்திருந்தேன். திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன். இமைப்பொழுதில் மூட வேண்டிய கண் நெடுநேரம் விழித்திருந்துவிட்டது. அதற்குள் அசைந்தவையெல்லாம் அழிந்தே போயிருக்கும்.

வேகத்தைச் சரிசெய்து மீண்டும் எடுப்பதற்குள் தடதடவெனக் காலணிச் சத்தம் கேட்டது. லாரி ஓட்டுநர் வந்துவிட்டார்.

"எத்தனை வாட்டி கூப்பிடறது? வண்டியை ரோட்டு மேலயே விட்டுட்டு வந்திருக்கேன்!"

எல்லாப் புறாக்களும் பறந்தன. சிறுமி முகத்தை மூடிக்கொண்டாள்.

"நல்லா நின்னுச்சு போ, உன் புறா" என்றார் அவர், கடையிலிருந்து வந்து நின்ற மனைவியிடம்.

"அண்ணா, எடுத்துட்டீங்கதானே? இவருக்குக் காட்டுங்க" என்றாள் தாய். படத்தைத் திறந்தேன்.

சதுக்கத்தில் மனிதர் எவருமில்லை. ரயிற்கூட்டம் முழுவதும் சாம்பல்நிறப் புகையாய் ஓடியிருந்தது. சிவப்புச் சட்டைக் குழந்தை ஒரு தீற்றல்; எழுந்த புறாக்கள் வெண்ணிறக் கீறல்கள். இவற்றின் நடுவே சிறுமி மட்டும் நின்றாள். காற்றில்லாத அந்நாளில் அவள் நெற்றிமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. அவளைச் சூழ்ந்த புறாக்களின் உருண்டைக் கண்களும், கழுத்தின் பச்சை மினுமினுப்பும் கல்லில் செதுக்கியவை போலத் துலங்கின. என் கைப்பிழை செய்த அதனை, என் கண்களால் நம்ப இயலவில்லை.

"இதென்ன, புகையா?" ஓட்டுநரின் குரல் தணிந்திருந்தது.

"மனுஷங்கதான். அசைஞ்சவங்க எல்லாம் கலைஞ்சுட்டாங்க."

"அப்ப இந்தப் புறாங்க?"

"அசையலைங்க."

அவர் கேமராவை வாங்கித் தம் முகத்தருகே பிடித்துக்கொண்டார். பின் மனைவியைப் பார்த்தார்.

"இவ கண்ணுக்கு நாமெல்லாம் இப்படித்தான் தெரியறோமா? புகையாட்டம்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க ஒரு இடத்துல நின்னாத்தானே" என்றாள் அவள்.

இதற்குள் சிறுமியின் கைகள் தாழ்ந்திருந்தன. போன புறாக்கள் ஒன்றிரண்டாய்த் திரும்பி இறங்கின. ஓட்டுநர் கேமராவை என்னிடம் நீட்டிவிட்டு, மகளின் பக்கம் நடந்தார். கண்ணாடித் தரையில் நடப்பவர் போலக் கால்வைத்தார். புறாக்கள் கழுத்தை நீட்டின. அவர் அங்கேயே நின்றார். சாலையில், அவருடைய லாரியை நகர்த்தச் சொல்லி யார் யாரோ ஹாரன் அடித்தனர். அவர் நகரவில்லை. மகளைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீண்டநேரம் கழித்து ஒரு சாம்பல்நிறப் புறா தத்தி வந்து அவருடைய காலணி நாடாவைக் கொத்தியது. சிறுமி முகத்தை மூடாமல் அதனையே நோக்கினாள். பின் தந்தையின் பக்கம் ஓரடி நெருங்கி நின்றாள்.

தலையைத் திருப்பாமல், உதடும் அசையாமல், அவர் மனைவியிடம் கேட்டார்:

"ஏம்மா, மூச்சு விடலாமா?"

"விடுங்க. மெதுவா."