நீவு, வேண்டா

நீவ் கல்லாகரின் பெயரை முதல் முறையிலேயே சரியாகச் சொன்ன அந்நிய ஊர் திருப்போரூர் ஒன்றுதான். இங்கிலாந்தில் அவள் ஆடிய வருடங்கள் முழுக்க மைதானத்து ஒலிபெருக்கி, எழுத்தைப் பார்த்து, அவளை ‘நியாம்’ என்றே அழைத்தது. ஐஸ்லாந்தில் ‘நியாமா’ ஆனாள். இத்தாலியில் யாரும் முயற்சிகூடச் செய்யவில்லை. முதுகில் இருந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

திருப்போரூரில் மனை விற்கும் ஜெகதீசன் பெண்கள் கால்பந்து அணி ஒன்றும் வைத்திருந்தார். ஆட்டக்காரிகள் அவருடைய கல்யாண மண்டபத்து மாடியில் தங்கியிருந்தார்கள். முகூர்த்த நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும். நீவ் வந்த முதல் நாள் காலை, சுருட்டிவைத்த பாய்களின் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்து, “நீவ்” என்றாள்.

“இன்னாது, நீவா?” என்றாள் மூலையில் இருந்த ஒருத்தி. “யாருக்குக்கா சுளுக்கு?”

மாடியே சிரித்தது. அணியின் மேலாளர் அதிதிதான் நீவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். அவள் சிறுசேரியில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள். எண்ணெய் தடவிச் சுளுக்கை வழித்துவிடுவதற்கு இங்கே நீவுதல் என்று பெயர். நீவும் சிரித்தாள். தன் ஊரில் இந்தப் பெயருக்கு ஒளி என்று பொருள் என்றாள். பிறகு மூலையில் இருந்தவளைக் காட்டி, அவள் பெயர் என்ன என்று கேட்டாள்.

“வேண்டா.”

“அதற்கு என்ன பொருள்?”

அதிதி சற்றுத் தயங்கினாள். “பிரார்த்தனை சம்பந்தப்பட்ட பெயர்” என்றாள்.

நீவுக்கு முப்பத்து நான்கு வயது. அயர்லாந்தின் வடமேற்கில், ஆடுகளும் மழையும் மட்டுமே மிகுதியாக இருந்த ஒரு கடற்கரை ஊரில், பையன்களோடு ஆடத் தொடங்கியவள். பதினேழு வருடம் கால்பந்துதான் அவளுக்குச் சோறு போட்டது. நாட்டின் பச்சைச் சட்டையைப் பதினோரு முறை போட்டிருக்கிறாள். பன்னிரண்டாவது முறை இல்லாமல் போனதற்கு அவளுடைய இடது முட்டி காரணம். அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியவை. கடைசிப் படியில் ஜெகதீசன் நின்றிருந்தார்: ஒரு பருவம், ஆட்டக்காரியாகவும் பயிற்சியாளராகவும். வந்த வாரமே அவள் முகம் பழைய மாமல்லபுரம் சாலையில் ஃபிளெக்ஸ் பேனரில் ஏறியது. ஒரு பக்கம் ‘ஐரோப்பியப் புயல்’, இன்னொரு பக்கம் ‘அப்ரூவ்டு மனைகள்’.

வேண்டாவோடு ஆடியபோது மட்டும் அவளுக்குப் பழைய உடம்பு ஞாபகம் வந்தது. நீவ் பின்னால் இறங்கிப் பந்தை வாங்கித் திரும்பிப் பார்க்காமலே அடிப்பாள். அது போய் விழும் இடத்தில் வேண்டா இருப்பாள். செய்யூர்ப் பக்கத்துக் கடலைக் கொல்லைகளில் ஓடி வளர்ந்த கால்கள். கோல் விழும்போதெல்லாம் கூட்டம் கத்தியது: “நீவு! வேண்டா! நீவு! வேண்டா!” பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது தங்கள் மேல் உள்ள பிரியம் என்று நீவ் நினைத்தாள். எந்த நாட்டு மைதானமும் அவள் பெயரைப் பாட்டாக்கியதில்லை.

“டீமுக்கு எடுக்குற வயசு இந்த வருசத்தோட முடியுதுக்கா,” என்று வேண்டா ஒருநாள் அதிதியை நடுவில் வைத்துக்கொண்டு சொன்னாள். “ஸ்டேட் டீம்ல பூந்து நேஷனல்ஸ்ல ஒரு நிமிசம் நின்னா போதும். சர்டிபிகேட்டு. அத வெச்சி ஸ்போர்ட்ஸ் கோட்டால கவர்மெண்டு வேல. தாலுகா ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீய உக்காந்துகினு, வரவன் போறவன அப்பால வா, அப்பால வான்னு சொல்லிகினே இருப்பேன்.”

“அப்புறம் கால்பந்து?” என்றாள் நீவ்.

“அதான்க்கா கால்பந்து.”

நீவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவள் ஊரில் ஆடுவதற்காக வேலையை விடுவார்கள். இங்கே வேலைக்காக ஆடினார்கள். மாநில அணித் தேர்வாளர் விஜயகுமாரி கடைசி லீக் ஆட்டத்துக்கு வருவதாக இருந்தது. வேண்டாவின் பெயரை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதாக அவர் ஜெகதீசனிடம் சொல்லியிருந்தார். களத்தில் நல்லபடியாக நின்று காட்டினால் போதும்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் பயிற்சி. ஈர மணலில் ஓடி முடித்துவிட்டுச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த கட்டாந்தரையில் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடினார்கள். வேண்டா பந்தோடு வேகமாகத் திரும்பினாள். காய்ந்த சவுக்குக் குச்சி முறிந்ததுபோல் ஒரு சத்தம். மற்றவர்கள் அதைக் குச்சி என்றே நினைத்திருப்பார்கள். அந்தச் சத்தத்தை நீவ் ஒருமுறை தன் உடம்புக்குள்ளேயே கேட்டிருக்கிறாள்.

மறுநாள் செய்யூர் பேருந்தில் வேண்டாவின் அம்மா அமிர்தவல்லி வந்து இறங்கினாள், நல்லெண்ணெய்ப் புட்டியோடு. வீங்கியிருந்த முட்டியைப் பார்த்தாள். “சுளுக்குதான். ரெண்டு தபா நீவி வுட்டா எறங்கிடும்” என்று மகளின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் அழுந்தியதும் வேண்டா பல்லைக் கடித்தாள்.

படியேறி வந்த நீவ் அதைக் கண்டு ஓடினாள். “தேய்க்கக் கூடாது! அதிதி, தேய்க்க வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது?”

“நீவ வேண்டாம்.”

“விளையாடாதே. இவர்கள் மொழியில் சொல்.”

“இதுதான் எங்கள் மொழி. நீவ வேண்டாம்.”

நீவ் அப்படியே நின்றாள். பந்தியில் சோறு வரும்போது இலைமேல் கையை விரித்து “வோணாம்” என்று சொல்ல அவள் கற்றிருந்தாள். அந்தச் சொல்லின் முழு உருவம்தான் தினமும் தன் பக்கத்தில் ஓடுகிறது என்று தெரிந்திருக்கவில்லை.

“அப்படியானால் வேண்டா என்பது...”

அதிதி எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தபடி சொன்னாள். “இவள் நான்காவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமியிடம் சொல்லி வைக்கிற பெயர். அன்றைக்கு நீ கேட்டபோது எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.”

“இன்னாடி சொல்லிகீது வெள்ளக்கார பொண்ணு?” என்றாள் அமிர்தவல்லி.

“ஒண்ணியும் இல்லமா. எம் பேரு இன்னான்னு இப்பதான் புரிஞ்சிகீது அதுக்கு,” என்று வேண்டா சிரித்தாள். நீவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாமி சொன்னத கேட்டுகிச்சுக்கா. எனக்கப்புறம் எங்கூட்ல ஒண்ணுமே பொறக்கல” என்றாள்.

நீவ் உட்கார்ந்து அந்த முட்டியைக் கையில் வாங்கினாள். ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தாள். நிற்க வேண்டிய இடத்தில் கால் நிற்கவில்லை. தாழ்ப்பாள் கழன்ற கதவுபோல் வந்துகொண்டே இருந்தது. செங்கல்பட்டில் எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது. உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை இல்லாமல் ஓடினால் மிச்சமிருப்பதும் போகும்.

ஜெகதீசன் மண்டபத்து வாசலில் செருப்பை விடாமலே பேசினார். “ஒரு ஊசிமா. நம்ம டாக்டரு போட்டுடுவாரு. ஆட்டம் முடியிற வரைக்கும் வலி தெரியாது. பொண்ணு பொயப்பப் பாரு.”

“நான் ரெடி,” என்றாள் வேண்டா.

“நடக்கவே முடியாமல் போகும்” என்று நீவ் சொன்னாள். அதிதி மொழிபெயர்த்தாள்.

“ஆபீஸ் நாக்காலிக்கு இன்னாத்துக்குக்கா முட்டி?”

நீவுக்குத் தன் ஊசி ஞாபகம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் டப்ளினில், மழையில், ஒரு தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு முன்னால் போட்ட ஊசி. முட்டி முன்பே கிழிந்திருந்தது. “போகிறாயா?” என்று மருத்துவர் கேட்டார். தலையாட்டினாள். பயிற்சியாளர் தோளில் தட்டினார். இருபது நிமிடம் ஆடினாள். பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அறையில் இருந்த அத்தனை பேரில் ஒருவராவது கூடாது என்று சொல்லியிருக்கலாமே என்று நினைக்காத நாள் அவளுக்கு இல்லை.

வேண்டா ஆட மாட்டாள் என்று தேர்வாளருக்குத் தொலைபேசியில் சொல்லும்படி நீவ் கேட்டபோது அதிதி கைபேசியை எடுக்கவில்லை.

“சொல்லித்தான் ஆக வேண்டுமா? இவர்களுக்கு ஒரு வேலை என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது நீவ்.”

“ஒரு கால் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.”

அதிதி சொன்னாள். அந்தப் பக்கம் விஜயகுமாரி, “சரி, வேற பொண்ணு யாரு இருக்கா?” என்றார்.

வேண்டா அழவில்லை. மண்டபத்து மாடிப் படியில் எப்படி ஏற வேண்டும் என்று நீவ் காட்டினாள்: ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் கெட்ட கால். வேண்டா சொன்னபடி ஏறி இறங்கினாள். அக்கா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

கடைசி ஆட்டத்தில் வேண்டாவின் இடத்தில் நீவே ஆடினாள். ஆட வேறு ஆள் இல்லை. வேண்டா கோட்டோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டியிருந்தாள். நீவ் கோல் போட்டாள். பழக்கத்தில் கூட்டம் “நீவு!” என்று கத்திவிட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தது. எங்கோ ஒருவன் மட்டும் “வேண்டா!” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெகதீசன் நீவுக்கு ஆளுயர மாலை போட்டார். மாநில அணிக்கு அதே மண்டபத்துப் பெண் பிரபா போனாள். நேஷனல்ஸில் மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்திருந்து, ஏற்கெனவே தோற்றுவிட்ட ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் களத்தில் இறங்கினாள். சர்டிபிகேட் வந்தது. மண்டபத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

அறுவை சிகிச்சை பற்றி நீவ் கேட்டபோது ஜெகதீசன் மரியாதையாகவே பேசினார். “அக்ரிமெண்ட்ல ஆபரேசன் இல்லியேமா. ஆடச் சொன்னேன், நீதான் வோணாம்ன.” ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தன் சம்பளத்தைத் தருவதாக நீவ் சொன்னாள். அமிர்தவல்லி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். அறுத்துத் தைத்த பிறகு மாசக்கணக்கில் படுக்கையில் இருப்பவளுக்கு யார் சோறு போடுவது?

ஊருக்குக் கிளம்பும் நாளில் நீவ் அதிதியைக் கூட்டிக்கொண்டு சிறுசேரி போனாள். கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் கேன்டீனில் வேண்டா தட்டு எடுக்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. வேலை முடிந்து, பின்வாசல் படியில் பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அணியின் பழைய சட்டைக்கு மேல் இன்னும் கழற்றாத கேன்டீன் ஏப்ரன்.

“ஃபிளைட்டு எத்தினி மணிக்கு?” என்று அதிதியிடம் கேட்டாள். பிறகு நீவைப் பார்த்தாள். “நீ எத்தினி வருசம் ஆடுன?”

“பதினேழு.”

“ஊசி போட்டுகினு ஆடுனியாமே. அதிதிக்கா சொல்லிச்சு. அன்னிக்கு எவளாவது வந்து உன்ன வோணாம்னு சொன்னாளா?”

“இல்லை. சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் நான்...”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?”

அதிதி இதை மொழிபெயர்த்துவிட்டுக் காத்திருந்தாள். பணி முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வெள்ளை ஷட்டில் வண்டிகள் வரிசையாகப் போயின. நீவுக்கு டப்ளின் மைதானத்து விளக்குகள் தெரிந்தன. விளக்கொளியில் சாய்ந்து விழுந்த மழை. அப்பா ஊரிலிருந்து பேருந்தில் வந்து கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருந்தார். பச்சைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அந்த இருபது நிமிடத்தை யாராவது தன்னிடமிருந்து பிடுங்கியிருந்தால்? ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் பொய் சொல்லிப் பழகியிருக்கவில்லை.

“கேட்டிருக்க மாட்டேன்.”

வேண்டா தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த பந்து எதிர்பார்த்த இடத்தில் வந்து விழுந்ததுபோல. “அப்ப எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சொன்ன?”

நீவ் கீழே குனிந்தாள். பழகிய கைகள் அந்த முட்டியைத் தேடிப் போயின. வீக்கம் இருக்கிறதா, எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்க. விரல் படும் முன்பே வேண்டா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவள் கத்தவில்லை. மைதானத்தில் கேட்ட அதே இரண்டு சொற்களை, நடுவில் சற்று நிறுத்திச் சொன்னாள்.

“நீவு. வேண்டா.”

அதிதி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். நீவ் கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

எதிரே இருந்த நிறுத்தத்தில் திருப்போரூர் பேருந்து வந்து நின்றது. படி உயரமாக இருந்தது. வேண்டா கம்பியைப் பிடித்து, முதலில் நல்ல காலை வைத்து ஏறினாள், சொல்லிக்கொடுத்தபடியே.