நாலாவது ஆள்

பதவியில் இருந்த பதினாறு வருஷத்தில் வெர்லின் டன்லப் அந்தப் பொத்தானை ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்ல சான் ஒனோரியோவில் எத்தனையோ பேர் உண்டு. எங்கள் மாவட்டக் கல்லூரியின் நிர்வாகக் குழுவில், தொகுதிக்கு ஒருத்தராக ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேர். வளைந்த மேஜையில் ஏழு இருக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக், ஒரு பொத்தான். பேச வேண்டியவர் பொத்தானை அழுத்தினால், தலைவர் முன்னால் இருக்கும் சின்னப் பலகையில் அவருடைய எண்ணுக்கு நேராக மஞ்சள் விளக்கு எரியும். தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம். வெர்லினுக்கு ஐந்தாம் எண். மலையிலிருந்து ஐம்பது மைல் இறங்கி வருவார், தொப்பியை மடியில் வைத்துக்கொள்வார், ஓட்டெடுப்பில் 'ஆமா' என்றோ 'இல்ல' என்றோ சொல்வார், மறுபடி மலையேறிப் போய்விடுவார்.

அவர் செத்து ஐந்து வாரம் கழித்து, ஜனவரிக் கூட்டத்தில், ஐந்தாம் எண்ணுக்கு விளக்கு எரிந்தது.

தலைவர் நாற்காலியில் இருந்தவள் ஐடலினா ஃபகுண்டெஸ். பால் பண்ணைக்காரரின் விதவை, அறுபத்தெட்டு வயது, சட்டப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறவள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடப்பைக் குறிக்கிறவள் குழுவின் செயலாளர் பாகோ சியோங்.

"மேடம், அஞ்சு எரியுது" என்றாள் பாகோ, மெதுவாக.

"பாத்தேன்."

"அணைச்சிடட்டுமா?"

"பேசக் கேட்டவங்க விளக்கை நாம அணைக்கக் கூடாது. விதி."

"கேட்டது யாரு மேடம்?"

ஐடலினா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாம் இருக்கையில் வெர்லினின் பெயர்ப்பலகை இருந்தது, அதன்மேல் கறுப்பு ரிப்பன் ஒன்று. நாற்காலி மேஜையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, இப்போதுதான் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. துப்புரவுக்காரர் சரியாகத் தள்ளி வைக்கவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துப்புரவுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி டிசம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரில் பலவிதமாகப் பேசினார்கள், நடந்தது இதுதான்.

மலைமேல் கெட்டில் கிரீக்கில் கல்லூரிக்கு ஒரு கிளை. பழைய விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் இரண்டு அறை, ஒழுகுகிற கூரை, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படிக்கிற நாற்பத்தொரு பேர். அதை மூடுவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. மூட வேண்டுமானால் நாலு கை வேண்டும். திராட்சைத் தோட்டக்காரர் ஹராச் கிர்கோரியனும் இன்னும் இரண்டு பேரும் மூடச் சொல்கிற கட்சி. இரண்டு பேர் வேண்டாம் என்கிற கட்சி. மிச்சம் ஐடலினாவும் வெர்லினும். கிளை வெர்லினின் தொகுதியில்தான் இருந்தது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் அவர் வெர்லினே இல்லை.

நம் மாநிலத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. குழுவின் பெரும்பான்மை, அதாவது நாலு பேர், கூட்டத்துக்கு வெளியே ஒரு விஷயத்தைப் பேசக் கூடாது. ஒரே இடத்தில் கூடித்தான் என்றில்லை. ஒருத்தர் இன்னொருத்தரிடம், அவர் அடுத்தவரிடம் என்று சங்கிலியாகப் பேசினாலும் குற்றம். மற்றவர்கள் இதைப் பார்த்தும் பார்க்காமலும் நடந்துகொள்வார்கள். ஐடலினா அப்படியல்ல. கடையில் முட்டை வரிசையில் இரண்டு உறுப்பினர்களைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு முட்டையில்லாமலே வீட்டுக்குப் போவாள். அந்த வாரம் ஹராச் அவளுக்குப் போன் செய்து தன் பக்கத்தைச் சொல்லியிருந்தார். எதிர்க்கட்சியிலிருந்தும் ஒருத்தர் செய்திருந்தார். அவளையும் சேர்த்தால் மூன்று. கணக்கு அந்த இடத்தில் நின்றிருந்தது.

ஓட்டெடுப்பு நாளன்று மத்தியானம், மூடுபனி ஜன்னலில் அப்பியிருந்த நேரம், வெர்லின் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கம்பிக் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு,

"ஐடலினா, கெட்டில் கிரீக் விஷயமா உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க!" மாவு ஒட்டிய கையை அப்படியே நீட்டினாள். "நீங்க நாலாவது ஆளு, வெர்லின். ஒரு வார்த்தை காதுல விழுந்தாலும் சட்டத்துக்கு விரோதம்."

"சின்ன விஷயம்தான்."

"எதுவா இருந்தாலும் நாலு மணிக்குக் கூட்டம். அங்க சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் தொப்பியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டே நின்றார். "அப்ப சரி. அங்கயே சொல்றேன்" என்றார். ஒரு வாய் காபி குடிக்கிறீர்களா என்றுகூட ஐடலினா கேட்கவில்லை. காபி கொடுத்தால் பேச்சு வரும் அல்லவா?

மாடுகளுக்குத் தீனி வைக்க அவர் மலைக்குத் திரும்பிப் போனார். மூன்று மணிக்கு மறுபடி இறங்கினார். பனியில் எதிரே வந்த பால் லாரி அவருக்குத் தெரியவில்லை, லாரிக்கும் அவர் தெரியவில்லை. நாலு மணிக்குப் பாகோ வருகைப் பெயர்களைப் படித்தபோது, "டன்லப்?" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டாள். விபத்துச் செய்தி வந்ததும் ஓட்டெடுப்பைத் தள்ளி வைத்தார்கள்.

சவ அடக்கத்துக்கு ஆறு பேரும் வந்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கூட்டம் என்று யாராவது புகார் செய்வார்கள் என்று ஐடலினா ஆளுக்கொரு பெஞ்சு ஒதுக்கிவிட்டாள். தேவாலயத்தில் ஆறு மூலையில் ஆறு பேர், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. வெர்லினின் மனைவி லொரெட்டா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஊர் அந்தப் பார்வையை இரண்டு வாரம் பேசித் தீர்த்தது.

ஜனவரியில் விளக்கு எரிந்த மறுநாள் மின்சார வேலைக்காரன் வந்து பொத்தானை மாற்றினான். அடுத்த சிறப்புக் கூட்டத்தில் மறுபடி எரிந்தது. ஐடலினா மைக்கையே கழற்றச் சொன்னாள். கழற்றினான். அதற்குப் பிறகும் எரிந்தது. அவன் மேஜைக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அஞ்சாம் நம்பருக்கு வயரே போகல மேடம். வேற யாரையாவது கூப்பிடுங்க."

"யாரை?"

"பாதிரியாரை" என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை.

ஐடலினாவுக்குத் தூக்கம் போயிற்று. செத்தவர் வருகிறார் என்பதில்கூட அவளுக்கு அவ்வளவு பயமில்லை. பிப்ரவரிக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு மறுபடி வருகிறது. ஹராச்சிடம் மூன்று கை; நாலாவது அவளுடையது. கிளையின் வரவு செலவைப் பார்த்தால் மூடத்தான் வேண்டும். ஹராச் அவளை நம்பியிருந்தார். ஆனால் வெர்லின் என்ன சொல்ல வந்தார் என்று தெரியாமல் எப்படிக் கையைத் தூக்குவது? தெரிந்துகொள்ள ஒரே ஒரு வாய்ப்பு வந்தது, அதை மாவுக் கையால் தள்ளிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை மலையேறினாள். பாதி வழி வரை பனி. அதற்கு மேல் கண் கூசுகிற வெயில், கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பால் கொட்டி வைத்த மாதிரி. லொரெட்டா வேலியோரம் நின்று மாடுகளுக்குப் புல் உதறிக்கொண்டிருந்தாள்.

"எண்ணிப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றாள். "நாம ரெண்டு பேருதான். பேசலாம்."

ஐடலினா அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கு அவர் எங்கிட்ட என்ன சொல்ல வந்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மூட வேண்டாம்னு சொல்லத்தானே?"

"மலை ஜனங்க அப்படித்தான் நெனைக்குது. எனக்கு அந்த நிச்சயம் இல்லீங்க. பாடம் நடத்துற பொண்ணு ரெண்டு தடவை பனியில வண்டியைப் பள்ளத்துல விட்டா. அவளை இழுத்து வெளியே போட்டது இவருதான். அதுக்கப்புறம் மூணு வாரம் சாப்பிடும்போதுகூட யோசனை. மூடணும்னு சொல்ல வந்தாரோ, வேண்டாம்னு சொல்ல வந்தாரோ, ரெண்டுக்கும் நடுவுல வேற ஏதாவதோ."

"கூட்டத்துல சொல்றேன்னாரே."

லொரெட்டா புல்லை உதறுவதை நிறுத்தினாள். "பதினாறு வருஷம் பக்கத்துல உக்காந்திருக்கீங்க, இதுகூடவா தெரியல? நாலு பேரு முன்னாடின்னா அவருக்கு நாக்கு ஒட்டிக்கும். எங்கிட்ட கல்யாணம் கேட்டதே மாட்டுக் கொட்டகையில, மாட்டைப் பாத்துக்கிட்டு. கூட்டத்துல சொல்றேன்னா சொல்லப் போறதில்லைன்னு அர்த்தம். அதான் தனியா உங்களைத் தேடி வந்தாரு."

"ஏன் என்னை?"

"நீங்க முழுசாக் கேப்பீங்கன்னு சொன்னாரு."

ஐடலினா காருக்குத் திரும்பினாள். மறுபடி பனிக்குள் இறங்கும்போது, தனக்கு முன்னால், வெர்லினுடையதைப் போலவே ஒரு பழைய டிரக்கின் பின்விளக்கு மலையடிவாரப் பாலம் வரை போய்க்கொண்டிருந்ததாகப் பாகோவிடம் பிறகு சொன்னாள். பாகோ என்னிடம் சொல்லவில்லை. பாகோவின் அக்காள் சொன்னாள்.

பிப்ரவரிக் கூட்டம் வந்தது. மலையிலிருந்து முப்பது பேர் இறங்கி வந்திருந்தார்கள். மணி நாலுதான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. பாகோ பெயர்களைப் படித்து முடிப்பதற்குள் ஐந்தாம் விளக்கு எரிந்தது.

மலை ஜனங்கள் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசினார்கள். லொரெட்டா பேசவில்லை. ஹராச் மூடும் தீர்மானத்தை முன்மொழிந்தார்; ஒருத்தர் வழிமொழிந்தார். ஓட்டெடுப்புக்கு முன், வேறு யாராவது பேச விரும்புகிறார்களா என்று தலைவர் கேட்க வேண்டும். ஐடலினா கேட்டாள். கேட்டுவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹராச் எட்டிப் பார்த்தார். "அந்த ரிப்பேர் இன்னும் ஆகலையா? ஓட்டுக்கு விடும்மா தாயே, பனி இறங்குது, எல்லாரும் வீடு போய்ச் சேரணும்."

"ஒருத்தர் பேசக் கேட்டிருக்காரு."

"யாரு?"

ஐடலினா மைக்கை இழுத்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை என்கிறார்கள் சிலர். நடுங்கியது என்பதுதான் சரி. "ஐந்தாம் இருக்கை. உறுப்பினர் டன்லப். உங்களுக்கு அஞ்சு நிமிஷம்."

யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ சிரித்தவரை அதட்டினார்கள். பாகோ, அவள் நல்ல செயலாளர், சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிஷத்துக்கு வைத்து ஓட விட்டாள்.

ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. முதல் நிமிஷம் இருமலும் நாற்காலிக் கிறீச்சும். இரண்டாவதில் அதுவும் நின்றது. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல், காலி மைக்கைத் திறந்து வைத்தால் வருமே, அது. ஐந்தாம் இருக்கையில் மைக்கே இல்லை. மூன்றாவது நிமிஷத்தில் அந்த இரைச்சலுக்குள் ஒரு ஆள் தொண்டையைக் கனைத்த மாதிரி இருந்தது. மலை ஜனங்கள் முப்பது பேரும் அதைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். ஹராச் இன்றுவரை கேட்கவில்லை என்கிறார். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஐடலினாவுக்குக் கேட்டது வேறு. அவளுடைய வீட்டு வாசல் படியில் பூட்ஸ் இறங்குகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசிப் படியில் அது நின்றது. அன்றைக்கு மாவை அடித்துக்கொண்டிருந்ததில் இது அவள் காதில் விழவேயில்லை. அவர் உடனே போய்விடவில்லை. கூப்பிடுவாளோ என்று கடைசிப் படியில், பனிக்குள், நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணவில்லை. சுவர்க் கடிகாரம் மணியடித்தபோதும் பூட்ஸ் அங்கேயே நின்றிருந்தது.

"நேரம் முடிஞ்சுது மேடம்" என்றாள் பாகோ.

விளக்கு அணையவில்லை.

"ஓட்டெடுப்புக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஐடலினா. "போன டிசம்பர்ல, இதே விஷயமா, வெர்லின் எங்கிட்ட பேச வந்தாரு. நான் பேச விடல. நீங்க நாலாவது ஆளுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். சட்டப்படி சரி. அவர் என்ன சொல்ல வந்தாருன்னு இப்ப யாருக்கும் தெரியாது. மூட வேண்டாம்னு சொல்ல வந்தாருன்னு நெனைச்சு நான் ஓட்டுப் போட முடியாது; அது பொய். மூடணும்னும் நெனைச்சுப் போட முடியாது. அந்தத் தொகுதியோட வார்த்தை ஒண்ணு கேக்கப்படாம நிக்குது. அதைக் கேக்காம மூடுறதுக்கு நாலாவது கை என்னுதா இருக்காது."

"இது காரணமே இல்ல!" என்றார் ஹராச். "செத்தவரு பேசி முடிக்கிற வரைக்கும் கல்லூரி நடத்த முடியுமா? அவர் உயிரோட இருந்தப்பவே பேசல!"

"அதுக்கு நான்தான் காரணம். பாகோ, பேரைப் படி."

பாகோ படித்தாள். மூன்று ஆமா, மூன்று இல்லை. தீர்மானம் விழுந்தது. மலை ஜனங்கள் கைதட்டவில்லை. ஐந்தாம் இருக்கையைப் பார்த்தபடியே, தேவாலயத்திலிருந்து வெளியேறுகிற மாதிரி, சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். லொரெட்டா கடைசியாகப் போனாள். போகும்போது ஐந்தாம் நாற்காலியை மேஜையோடு சேர்த்துத் தள்ளி வைத்தாள்.

கூடம் காலியான பிறகு பாகோ பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நடப்புக் குறிப்புல என்ன எழுத மேடம்? உறுப்பினர் டன்லப் பேசினாருன்னா, பேசலைன்னா?"

"அஞ்சு நிமிஷம் கொடுக்கப்பட்டதுன்னு எழுது."

அந்த வரி இன்றும் கல்லூரி இணையதளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நானும் பார்த்தேன்.

காலியான இருக்கைக்கு ஆளை நியமிக்கவும் மூன்றுக்கு மூன்றுதான் வந்தது. அதனால் நவம்பரில் தேர்தல் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டு வரை மனுப்போட நேரம். கெட்டில் கிரீக்கில் ஒருத்தரும் மனுப்போடவில்லை. பாகோ போன் செய்து லொரெட்டாவிடமே கேட்டாளாம், நீங்களாவது நிற்கக் கூடாதா என்று.

"காலியா இருந்தா நிக்கலாம்" என்றாளாம் லொரெட்டா.

விளக்கு இன்னும் எரிகிறது. மாதாமாதம் ஓட்டெடுப்புக்கு முன் ஐடலினா ஐந்தாம் இருக்கையைக் கூப்பிடுகிறாள். கடிகாரம் ஓடுகிறது. ஹராச் முதல் இரண்டு மாதம் எழுந்து வெளியே போனார், மூன்றாவது மாதம் செய்தித்தாள் படித்தார். இப்போது அதையும் மடித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பனிக்காலம் மறுபடி வந்துவிட்டது. ஐடலினா அந்த ஐந்து நிமிஷமும் கண்ணை மூடி, கடைசிப் படியில் நிற்கிற பூட்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது ஏறியும் வரவில்லை, இறங்கியும் போகவில்லை.