கார்புரேட்டரில் புதுப் பெட்ரோல்

‘டமார்!’

எதிர் வீட்டு நாய் துள்ளி எழுந்து ஓடியது. சென்னியப்பன் கிக்கரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். சைலன்சரில் கறுப்புப் புகை.

“நான் வண்டி வாங்க வந்தனா, தீபாவளி கொண்டாட வந்தனா தம்பி?”

தனபாலுக்கு முகம் சிறுத்துவிட்டது. புது பைக் வாங்கிய நாளிலிருந்து இந்தப் பழைய வண்டி உறை போட்டு நிற்கிறது. ராயபுரத்து வீட்டு வாசலில் இரண்டுக்கும் இடமில்லை. இன்று எப்படியாவது இதைத் தள்ளிவிட வேண்டும்.

“ஒரு மாசமா எடுக்கவே இல்லீங்ண்ணா. அதுதான் அடம் புடிக்குது. புதுசு எஃப்.ஐ., கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து உடும். சுவிட்சைத் தொட்டாப் போதும். இதுக்குச் சோக் இழுக்கோணும், பெட்ரோல் குழாயைத் திறக்கோணும்...”

“எஃப்.ஐ. நின்னா கம்ப்யூட்டரைத் தேடி ஓடோணும். இதுக்கு ஸ்க்ரூ டிரைவர் போதும்” என்ற சென்னியப்பன், சொன்னபடியே கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தினார். சொட்டிய பெட்ரோலை விரலில் தொட்டு முகர்ந்தார். புருவம் உயர்ந்தது.

“ஒரு மாசம் நின்னா இது பிசினாட்டம் ஒட்டியிருக்கோணும். நேத்துப் போட்டதாட்ட இருக்குதுங்களே!”

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே திட்டுத் திட்டாகச் சிவப்புப் பஞ்சு.

“மூச்சு உட முடியாமத்தான் வெடிச்சிருக்குது. இது பனியன் துணிப் பஞ்சு. நீங்க எந்தக் கம்பெனிங்க?”

“நான் பட்டன் கடைங்ண்ணா! நானே தொடைச்சு மாட்டுன ஃபில்டருங்க அது.”

“அப்ப வாடகைக்கு உடறீங்களா? உங்க புது வண்டியா இருந்தா, இந்தப் பஞ்சுக்கும் பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டுச் சத்தமில்லாம ஓடியிருக்கும். இதுக்கு மறைக்கத் தெரியலை.”

தனபால் மீட்டரைப் பார்த்தான். அதன் கேபிள் அறுந்து வருடமாகிறது. பக்கத்து வீட்டுக்காரரா? சாவி எப்போதும் வீட்டுக்குள் ஆணியில் அல்லவா தொங்கும்!

அவன் மனைவி அனுப்பிரியா டீயோடு வந்தாள். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். தினமும் அவன் கடைக்குக் கிளம்பிய பிறகுதான் அவளுடைய கம்பெனி வேனுக்கு நேரம்.

“அனு, வண்டிச் சாவியை யாராச்சும் கேட்டு வாங்குனாங்களா?”

“யாரும் கேக்கலீங்க.”

சென்னியப்பன் ஃபில்டரைத் தட்டி மாட்டி மறுபடி உதைத்தார். ஒரே உதை. வண்டி சீராக ஓடியது. அவர் முகம் மலர்ந்தது.

“யாரு ஓட்டுனாங்களோ, நல்லாத்தான் ஓட்டியிருக்கறாங்க. எடுத்துக்கறனுங்க தம்பி. சாவியைக் குடுங்க.”

தனபால் வண்டியை அணைத்து, நிம்மதியாகச் சாவியை எடுத்து நீட்டினான். அது அவர் கைக்குப் போகுமுன் அனுப்பிரியா குறுக்கே வந்து பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, இதைக் குடுத்துட்டா நாளைக்கு நான் எதுலீங்க வேலைக்குப் போறது? கம்பெனி வேன் நின்னுதான் ஒரு மாசமாச்சுதே!”