ஒரே காம்போதி, இரண்டு பதிவு

தவசிமுத்துவுக்கு ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம். பெருமை முழுக்கக் காதில். கண்ணை மூடி ஒரு வரி கேட்டால் போதும், பாடுகிறவர் யாரிடம் படித்தவர் என்று சொல்லிவிடுவாராம். இதை ஊருக்குச் சொன்னவரும் அவரேதான்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு ஒரு கச்சேரி என்று முடிவாகியிருந்தது. யாரென்று தேர்ந்தெடுப்பது சபா செயலாளரான அவர் பொறுப்பு. போட்டியில் இருவர்: மில் முதலாளி வீட்டு மகாலட்சுமி; தளவாய்புரத்தில் அண்ணனின் நைட்டி தைக்கும் கூடத்துக்கு மேல்மாடியில் குடியிருக்கும் முனீஸ்வரி. ஒப்பிட வசதியாக, இருவரையும் ஒரே காம்போதிக் கீர்த்தனையைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்.

இரண்டு பதிவுகள் வந்தன. ஒன்று முனீஸ்வரியின் எண்ணிலிருந்து. மற்றது தெரியாத எண். வேறு யார், மகாலட்சுமிதான் வீட்டில் யார் போனிலிருந்தோ அனுப்பியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

முடிவு கேட்க முனீஸ்வரி வந்து உட்கார்ந்தாள். மிருதங்கக்காரர் குருசாமியும் இருந்தார். குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்பது தவசிமுத்துவின் கட்சி. அவள் எண்ணிலிருந்து வந்ததை முதலில் போட்டார். பாட்டுக்குப் பின்னால் தையல் மெஷின் கடகடத்தது.

"கேட்டியாம்மா? தொண்டையை இறுக்குற. மூச்சு பத்தாம சொல்லை நடுவுல வெட்டுற. கமகம்னு நெனச்சுக்கிட்டு குரலை நடுங்க விடுற."

பிறகு மற்றதைப் போட்டார்.

"இதைக் கேளு. அடிவயித்துல இருந்து வருது. அகாரம் எம்புட்டு அகலமாத் திறக்கு பாரு. நல்ல வீட்டுல வளர்ந்த சங்கீதம்னா இதுதான்."

முனீஸ்வரி சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயா, அது வந்து..."

"செத்தப் பொறு. கேட்டுக் கத்துக்க."

குருசாமியும் தலையாட்டி வைத்தார். எதற்குத்தான் அவர் தலையாட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து மகாலட்சுமியிடமிருந்து குரல்செய்தி வந்தது. நூறு ஆயுசு என்று சொல்லி, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, தொண்டை கட்டிக்கிருச்சு. பாட்டு அனுப்பவே முடியல. இந்தத் தடவை என்னை விட்டுருங்க."

"அப்போ இப்பக் கேட்டது யாரு?" என்றார் குருசாமி.

"நான்தான்யா," என்றாள் முனீஸ்வரி. "மொதல்ல அனுப்புனதுல மெஷின் சத்தமா இருந்துச்சு. பொறவு மெஷினை நிப்பாட்டச் சொல்லிட்டு அண்ணன் போன்ல இன்னொருக்காப் பாடி அனுப்புனேன். அதைத்தான் சொல்ல வந்தேன்."

தவசிமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. அவர் வைததும் அந்தத் தொண்டையைத்தான், கும்பிட்டதும் அதே தொண்டையைத்தான். பாட்டு காதில் விழுவதற்கு முன்பே தளவாய்புரமும் மில் வீடும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கின்றன. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கச்சேரி உனக்குத்தாம்மா. நீயே பாடு."

"பாடுறேன்யா." அவள் எழுந்தாள். "மேடையில மட்டும் எம் பேரு, ஊரு சொல்லாம ஏத்திவிடுங்க. அப்பத்தான் உங்களுக்கு நல்லாக் கேக்கும்."