வலப்பக்க இறக்கைகள்

உடைந்த வண்ணத்துப்பூச்சியை முழுசாக்குவதில் அந்த அருங்காட்சியகத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நடுவில் பள்ளம் வெட்டிய பலகையில் பூச்சியின் உடம்பை இறக்கி, இறக்கைகளை இருபுறமும் விரித்து, காகிதப் பட்டையால் அமுக்கிக் காயவிடுவார். இறக்கை கிழிந்திருந்தால் உதிரி டப்பாவைத் துழாவி, அதே இனத்தில், ஆணுக்கு ஆணின் இறக்கையும் பெண்ணுக்குப் பெண்ணின் இறக்கையுமாக எடுத்து ஒட்டுவார். கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைப்பவற்றுக்குத்தான் இந்த ஒட்டுவேலை. ஆராய்ச்சிக்குப் போவதில் பசை படக்கூடாது. பட்டால் அதை யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று காலை மனைவி சாப்பாட்டுப் பையோடு ஒரு சின்ன டப்பாவையும் நீட்டினாள்.

"தம்பி குடுத்துட்டுப் போனான். விரிச்சு வைக்கணுமாம்."

தம்பி என்றால் அவருடைய மச்சான். தபால் பிரிக்கும் வேலை. மொட்டைமாடியில் வலைக்கூண்டு கட்டி வண்ணத்துப்பூச்சி வளர்ப்பதில் பைத்தியம். ஆயுள் முடிந்து விழுபவற்றில் நல்லதாகப் பார்த்து இங்கே கொடுப்பான். ஒருமுறை, கிழிந்த பூச்சிக்குத் தானே இறக்கை ஒட்டுகிறேன் என்று முன்னிறக்கையைப் பின்னாலும் பின்னிறக்கையை முன்னாலும் ஒட்டிக் கொண்டுவந்தான். "ஏன் மாப்ள, இது ரிவர்ஸ்லதான் பறக்குமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு குடும்பத்தில் நாலு பேர் கூடினால் அந்தக் கதையை அவர் எடுத்துவிடாத நாள் இல்லை.

அதனால்தான் வேலைக்கு வந்து டப்பாவைத் திறந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. இடப்பக்கம் பளபளக்கும் நீலம். அது ஆணின் நிறம். வலப்பக்கம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்பு, அளவிலும் சற்றுப் பெரிது, அது பெண்ணுடையது. படுபாவி, திரும்பவும் கைவரிசையைக் காட்டிவிட்டான் என்று நினைத்தார். பசை இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வலப்பக்க இறக்கைகள் இரண்டையும் அடியோடு கத்தரித்து உதிரி டப்பாவில் போட்டார். நீல இறக்கைகள் இரண்டை எடுத்து ஒட்டினார். அச்சு அசல் ஆண் பூச்சி. மச்சானைச் சீண்டப் புதிதாக ஒரு கதை கிடைத்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனார்.

பாதி டீயில் போன் அடித்தது.

"மாமா! பாத்தீங்களா? பேச்சு மூச்சு நின்னு போச்சா?"

"எதைடா?"

"நடிக்காதீங்க. பாதி ஆண், பாதி பெண்! கூட்டுப்புழு பிளந்து என் கண்ணு முன்னாலயே வெளிய வந்துச்சு மாமா. உங்க மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்னுதான் அக்காகிட்டகூட மூச்சு விடல. மேடத்தைக் கூட்டிக்கிட்டு இப்பவே வரேன்."

மேடம் என்றது அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவுத் தலைவியை.

அவர் அறைக்கு ஓடினார். இப்படி ஒன்று உண்டு என்று படித்திருந்தார், கண்ணால் பார்த்ததில்லை. மனித உடம்பில் ரத்தத்தோடு ஓடும் சுரப்புகள் உடம்பு முழுவதற்கும் ஒரே சேதியைச் சொல்கின்றன. பூச்சிக்கு அப்படியில்லை. ஆணா பெண்ணா என்பதை ஒவ்வொரு செல்லும் தனக்குத்தானே முடிவுசெய்கிறது. கரு முதன்முதலில் இரண்டாகப் பிரியும்போதே குரோமோசோம்களின் பங்கு பிசகினால், ஒரு பாதி ஆணாகவும் மறுபாதி பெண்ணாகவும் வளர்ந்து, நடுவில் கோடு கிழித்ததுபோல நிற்கும். லென்ஸை வைத்துப் பார்த்தார். பூச்சியின் வயிறு நேராக இல்லை. பெரிய பாதி சின்ன பாதியைத் தள்ளியதுபோல ஒரு வளைவு. காலையில் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

அங்கேயே உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். கை கேட்கவில்லை. நீல இறக்கைகளைப் பிடுங்கினார், பழுப்பு இறக்கைகளைத் தேடி எடுத்தார், பழைய இடத்திலேயே ஒட்டினார். காலையில் இருந்தது போலவே இருந்தது. ஆனால் நிஜமான ஒன்று இப்போது போலியைப் போல ஆகிவிட்டது. போலி செய்கிறவர்களும் இப்படித்தான் ஒட்டுவார்கள்.

மச்சான் வாயெல்லாம் பல்லாக வந்தான். தலைவி லென்ஸை எடுத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி நிறைய பேர் கொண்டுவராங்க. இறக்கை அடியில பசை இருக்கு."

"பசையா? வாய்ப்பே இல்ல மேடம். மாமா, சொல்லுங்க. உங்ககிட்ட வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

அவர் பலகையைப் பார்த்தார்.

"வந்தப்ப... இப்படித்தான் இருந்துச்சு."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மச்சான் ஒருமுறை சிரிக்கப் பார்த்தான். பிறகு டப்பாவை மூடியால் மூடி, திறந்து, மறுபடி மூடினான். "நான் ஒட்டல மேடம்" என்றான். அந்தக் குரல், செய்தவன் சொல்லும் குரலைப் போலவே சுருங்கிக் கிடந்தது. தலைவி பரிவோடு தலையாட்டி, கைப்பையை எடுத்தார்.

"நான்தான் ஒட்டினேன்" என்றார் அவர்.

எல்லாவற்றையும் சொன்னார். கத்தரித்தது வரை கேட்டதும் மச்சான், நம்பமுடியாத நிம்மதியில், சிரித்தேவிட்டான். "என் கைமேல அவ்வளவு நம்பிக்கையா மாமா? பாருங்க மேடம், தெரியாம பண்ணிட்டாரு, விடுங்க!"

"திரும்ப ஒட்டினது?" என்று கேட்டார் தலைவி.

"தெரிஞ்சுதான்."

சிரிப்பு பாதியில் நின்றது. தலைவி மறுபடி குனிந்து வயிற்றின் நுனியை நெடுநேரம் பார்த்தார். உடம்பு பொய் சொல்லாது, பசை படாத அதை மட்டும் நம்பி ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒட்டிய இறக்கையைப் பார்ப்பவர்கள் போலி என்பார்கள், பார்வைக்கு வைக்க முடியாது, பசையைப் பற்றிப் பூச்சியோடு வைக்கும் சீட்டில் எழுதியாக வேண்டும் என்றார். எழுதுகிறேன் என்றார் அவர். தலைவி போனார்.

"மாப்ள, ஏதாவது சொல்லுடா. நாலு வார்த்தை திட்டு."

மச்சான் பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம் அப்படியே கிளம்பிப் போயிருந்தா, என்கிட்டயாவது சொல்லியிருப்பீங்களா மாமா?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தார்.

"தெரியல" என்றார்.