ஆளுக்குப் பாதிச் சீனம்

உப்பூர் பேருந்து நிறுத்தத்தில் அன்று ராம்குமார் அதைக் கேட்டானா இல்லையா என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கேட்டான் என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தேன். அவன் வாயே திறக்கவில்லை என்று தோன்றுகிற நாள்களும் உண்டு. மற்றதெல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது. இந்த ஒன்று மட்டும் கலங்கிக் கிடக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே ஊர். உப்பூரிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டர் உள்ளே, மிளகாய் போடுகிற ஊர். ராம்குமார் சிங்கப்பூரில் கட்டட வேலையில் மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, அவனுடைய சூப்பர்வைசர் பேசிய சீனத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தேன். அவன் பேசுவதை எப்படி எழுதுவார்கள் என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். செல்போனில் பாடங்கள் கிடைத்தன. அப்புறம் விட முடியவில்லை.

மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கண்மாய்க் கரையில் இன்ஜினைப் பார்த்துக்கொள்வான். இன்னொருவன் பாத்தி பாத்தியாக மடை திறந்து அடைப்பான். இன்ஜின் பக்கம் நிற்கிறவனுக்கு மடையைப் பற்றிக் கவலை கிடையாது. சீனத்தையும் நாங்கள் அப்படியே பிரித்துக்கொண்டோம். பிரிக்கிறோம் என்று தெரியாமலே. கேட்பதும் பேசுவதும் அவன். வாசிப்பதும் எழுதுவதும் நான். ஒரு படத்தில் வருகிற பேச்சை அவன் காதால் பிடிப்பான். கீழே ஓடுகிற எழுத்தை நான் பிடிப்பேன். இரண்டு வருடத்தில், சேர்ந்து உட்கார்ந்தால் எங்களுக்கு விளங்காதது குறைவு.

அவனைப் பெற்ற அய்யா கூத்தையா ஒருநாள் வரப்பில் நின்று நாங்கள் படிப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: “ஏலே, ரெண்டு பேரும் சேந்து ஒரு சீனாக்காரன்தாம்லே தேறுவீக. அங்கன போனா ஒரு டிக்கெட்டு எடுத்தாப் போதும்.”

நாங்களும் சிரித்தோம்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் சீன மொழிக்குச் சான்றிதழ் வகுப்பு நடத்துவதாக அந்த வருடம் அறிவித்தது. ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர்கள் ஒரு தேர்வு எழுத வேண்டும். அதை வைத்து எந்த நிலை என்று முடிவு செய்வார்கள். முதல் நிலை என்றால் வீட்டிலிருந்தே செல்போனில் படிக்கலாம். இரண்டாம் நிலை சென்னையில், நேரில், விடுதியில் தங்கி. எங்களுக்கு இரண்டாம் நிலைதான் என்பதில் ராம்குமாருக்குச் சந்தேகமே இல்லை. நீல நிறத்தில் ஒரு பெட்டிகூட வாங்கிவிட்டான். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பேசியிருக்கிறோம். ஒருவனுக்கு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது என்று பேசவே இல்லை.

தேர்வு ராமநாதபுரத்தில், ஒரு கணினி மையத்தில் நடந்தது. ஆளுக்கொரு கணினி, நடுவில் பிளைவுட் தட்டி. எழுத்துத் தேர்வை நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். தட்டிக்கு அப்பால் ராம்குமாரின் நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்தது வாய்மொழித் தேர்வு. திரையில் கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியை வந்தார். ஏதோ கேட்டார். எளிய கேள்விதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பேருந்து மாதிரி என்னைக் கடந்து போனது. பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினேன். தட்டிதான் இருந்தது. ஆசிரியை மெதுவாக மறுபடி கேட்டார். ‘வீடு’ என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. உடனே மேசையில் கிடந்த ஒரு தாளை எடுத்து, ‘என் வீட்டுக்குப் பக்கத்தில் கடல் இல்லை, ஒரு மணி நேரம் நடந்தால் வரும்’ என்று சீனத்தில் எழுதி, கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன்.

அவர் குனிந்து படித்தார். “அழகா எழுதியிருக்கீங்க,” என்று தமிழில் சொன்னார். “ஆனா பேசணுமே.”

பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமான காரியம் இல்லை. ஒரு நாள் முழுக்க இருப்பேன். அன்றுதான் முதல்முறையாக அதற்கு வெட்கப்பட்டேன். தட்டிக்கு அப்பால் ராம்குமார் வேறொரு ஆசிரியையிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

வெளியே டீக்கடையில் நான் நடந்ததைச் சொன்னேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். “எழுத்தப் பாத்ததும் ஒன்னத்தாம்லே தேடுனேன். கையி தானாப் போயி தட்டிய இடிக்கிது,” என்றான்.

திரும்பும்போது பேருந்து தேவிபட்டினத்தைத் தாண்டியதும் முடிவு செல்போனில் வந்துவிட்டது. எழுத்துக்குத்தான் மதிப்பெண் அதிகம். எனக்கு இரண்டாம் நிலை. அவனுக்கு முதல் நிலை. கீழே ஒரு குறிப்பு இருந்தது. இரண்டாம் நிலை கிடைத்தவர்கள் விரும்பினால் முதல் நிலைக்கு மாறிக்கொள்ளலாம், அன்று மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். கீழிருந்து மேலே மாற முடியாது. ராம்குமார் என் செல்போனை வாங்கி அதைப் படித்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

உப்பூரில் இறங்கியபோது மணி நாலு. ஊருக்குப் போகும் மினி பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அது போனது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கிழக்கேயிருந்து உப்புக் காற்று அடித்தது.

இனிமேல்தான் எனக்கு இரண்டு நினைவுகள். ஒன்றில் அவன் பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “நீயும் கீழ எறங்கிக்கயேன்லே. இங்கன இருந்தே படிப்போம்,” என்கிறான். இன்னொன்றில் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். இரண்டிலும் நான் எதுவும் சொல்லவில்லை. செல்போன் என் கையில் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும். எழுதுவது எப்போதும் என் பக்கத்து வேலை. அவன் கேட்கட்டும் என்று காத்திருந்தேன், அல்லது கேட்டபிறகும் இன்னொரு முறை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். சென்னைக்குப் போக எனக்கு ஆசை இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

ஐந்து மணி தாண்டியது. அவன்தான் முதலில் எழுந்தான்.

“பெட்டிய நீ எடுத்துக்க,” என்றான். “புதுசாக் கெடக்கு.”

இதை அவன் சொன்னான். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பெட்டியோடுதான் சென்னைக்குப் போனேன். ஒவ்வொரு வாய்மொழித் தேர்விலும் கடைசியாக வந்து, எப்படியோ முடித்தேன். இப்போது ஒரு நிறுவனத்தில் சீன இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கிறேன். சில நாள் டீக்கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் பேச வேண்டியிருப்பதில்லை. ராம்குமார் ஆறு வகுப்புகளோடு நிறுத்திவிட்டு மறுபடி சிங்கப்பூர் போனான். அங்கே அவனும் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். பூங்கோதை என்ற திருவாடானைப் பெண்ணைக் கட்டியிருக்கிறான், ஒரு மகள். கல்யாணத்துக்கு அழைத்தான், போனேன், கை கொடுத்தேன். கூத்தையா நன்றாக இருக்கிறார். பாய்ச்ச இரண்டாவது ஆள் கிடைக்காததால் இன்ஜினை விற்றுவிட்டு, மழையை மட்டும் நம்பி மிளகாய் போடுகிறார்.